மோட்டார் வண்டியை மனையிற் பேணும் முறை

உப்புக் காற்று வீசும் ஊரிலே இரும்பை வைத்திருப்பவன் அதற்கு நாடோறும் காவலிருத்தல் வேண்டும். திருகோணமலையில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் யாவரும் இதனை அறிவர். உட்டுறைமுக வீதியிலோ டச்சுக் குடாக் கரையிலோ ஓர் இரவு நிறுத்திவைத்த வண்டியின் கண்ணாடியை விடியற்காலையில் விரலால் தடவிப் பார்த்தால் உப்பின் பிசுபிசுப்புத் தெரியும். அவ்வுப்பே வண்டியின் அடியிலும், கதவுகளின் உட்புறத்திலும், மின்கம்பிகளின் முனைகளிலும் படிகின்றது. உப்புத் தானே இரும்பைத் தின்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்கின்றது. உப்புக் கலந்த ஈரம் மின்னை எளிதிற் கடத்தும். துருப்பிடித்தல் ஒரு மின்னிரசாயன மாற்றமாதலின், அவ்வீரத்திலே அது விரைந்து நிகழும்.

மலர்க் குழுவினர் தமிழாசிரியன் ஒருவனிடம் கட்டுரை கேட்டபோது இலக்கியத்தையே எதிர்பார்த்திருப்பர். எனினும், பழைய மாணவரை எங்கே சந்தித்தாலும் நலம் உசாவியபின் பேச்சு வண்டியிலே சென்று முடிதலைப் பல்லாண்டு கண்டிருக்கின்றேன். ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டேன். கலைச்சொல் ஆக்குவோர் வண்டியின் உறுப்புகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் பல தந்துள்ளனர். அவற்றைக் கராஜிலே சென்று சொன்னால் கேட்பவர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். எனவே கைவினைஞர் வாயில் வழங்கும் சொற்களையே இங்கே ஆளுகின்றேன்.

இந்நாட்டிலே பழைய வண்டியைப் பேணுதல் பொழுதுபோக்காக வந்த பழக்கமன்று, தேவையினால் வந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியபோது வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, வீட்டில் உள்ள வண்டியே வண்டி என்னும் நிலை இருந்தது. 2020 மார்ச்சில் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இதனாலேதான் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் இன்றும் நம் வீதிகளிற் காணப்படுகின்றது. அவ்வண்டிக்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் சிலவற்றை நம் நாட்டவரே செய்து, அது பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பியதும் உண்டு.

வீட்டுப் பராமரிப்பின் எல்லையை எட்டிப் பார்த்தவர் யாழ்ப்பாணத்தார். 1990இன் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் செல்லுதல் தடைப்பட்டது. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் ஆகிய வண்டிகளை அவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினர். இது மாயமன்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது; சூடேறிய இயந்திரத்தில் ஓரளவு ஆவியாகும். ஆகவே சிறிது பெற்றோலைக் காபரேற்றரிற் செலுத்தி இயந்திரத்தைக் கிளப்பிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அவ்வண்டிகளின் அமுக்க விகிதம் தாழ்ந்ததாயிருந்தமையால், இயந்திரம் ‘நொக்’ அடித்தாலும் உடைந்துவிடாமல் ஓடியது. இன்றைய வண்டியில் இதனைச் செய்ய முயல்வார் இயந்திரத்தை இழப்பர்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடித்தொட்டியிலுள்ள ஒயிலுடன் கலக்கும். நீர்த்த ஒயில் பெயரளவில்தான் ஒயில்; உராய்வைத் தடுக்கும் வலி அதற்கில்லை. இயந்திரத்தைக் காத்தவர், ஒயிலை அடிக்கடி மாற்றியவரும், கரி படிந்த பிளக்குகளைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் துப்புரவு செய்தவருமே. இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும். அளவுகோலை உருவிப் பார்க்கும்போது ஒயிலின் மட்டம் குறைந்திருத்தலை மட்டுமன்றி, கூடியிருத்தலையும் ஐயுறவேண்டும். கூடினால் ஏதோ ஒன்று அதனுட் கலக்கின்றது என்பது கருத்து. பாலேடு போன்று வெளுத்திருந்தால் கலந்தது நீர்; பெற்றோல் மணந்தால் கலந்தது பெற்றோல்.

நமது நகருக்கு இக்கலையில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அத்தளத்தின் பட்டறைகளிலே பயின்ற பிற்றர்மார் பின்னாளில் ஊருக்குள் தொழில் செய்தனர். அத்தகைய முதியவர் ஒருவர் வேலை செய்வதைச் சிறுவனாயிருந்தபோது பார்த்திருக்கின்றேன். கழற்றிய ஆணிகளை ஒரு பலகையிலே, உறுப்பு இருந்த ஒழுங்கின்படியே நிரையாக அடுக்கிவைப்பார். பூட்டும்போது தேடும் வேலையே இல்லை. இலக்கணம் கற்பிக்கும்போது இன்றும் அப்பலகை என் நினைவுக்கு வருவதுண்டு.

இனி, தொடங்குவார்க்கு முதலிற் சொல்லவேண்டியது உயிர்க்காப்பு. ஜக்கினால் மட்டும் தூக்கிய வண்டியின் கீழ் ஒருவரும் புகலாகாது. நமது முற்றங்கள் பெரும்பாலும் மணற்பாங்கானவை. பாரம் ஏற ஏற ஜக் மணலிற் புதைந்து சாயும். தடித்த பலகையொன்றை அடியில் இட்டு, தூக்காத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டி உயர்ந்தபின் இரும்புத் தாங்கிகளை அல்லது சிலிப்பர்க்கட்டைகளைக் கொடுத்து, பாரத்தை அவற்றின்மேல் இறக்கியபின்னரே உடம்பை உள்ளே நுழைத்தல் வேண்டும். துளையுள்ள சீமெந்துக் கற்களைக் கொடுத்தல் பெரும் பிழை. அவை விரிசல் காட்டி எச்சரிப்பதில்லை. ஒரு கணத்தில் நொருங்கிவிடும்.

நீரைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். கரையை அடுத்த கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. அதனை றேடியேற்றரில் ஊற்றினால் உள்ளே சுண்ணப் படிவும் அரிப்பும் உண்டாகும். தூய மழைநீர் அதனினும் நன்று. கடையில் விற்கும் குளிர்பதன நீர்மம் எல்லாவற்றினும் நன்று. பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரன்றி வேறெதுவும் ஆகாது. வண்டியைக் கழுவுவார் பலர் மினுங்கும் மேற்பாகத்தைக் கழுவி அடியை மறந்துவிடுகின்றனர். அடியே முதன்மையானது. மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். பழைய ஒஸ்ரின் ஏ-40இற்குத் தனிச் சட்டகம் உண்டு. ஆகவே மைனரின் அடித்தகடு துருவேறினால் அழகு கெடுவதோடு நில்லாது, வண்டியின் முதுகெலும்பே பழுதாகும். கதவுகளின் கீழ் விளிம்பிலுள்ள வடிதுளைகளைக் கச்சான் காலத்துப் புழுதி அடைத்துவிடும். மாரி தொடங்குமுன் அவற்றை ஒரு கம்பியாற் குத்தித் திறந்துவிடுதல் நன்று. ஐந்து நிமிட வேலை, பத்தாண்டுப் பயன்.

பழைய வண்டியின் இயந்திரத்திற் கைவைப்பார்க்கு மூன்று அளவுகள் போதும். பிளக்கின் இடைவெளி ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு. டிஸ்ரிபியூற்றரின் முனைகளுக்கிடையே ஆயிரத்தில் 15. வால்வின் இடைவெளி, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், ஆயிரத்தில் 12. இவை 1956இன் பின் வந்த மைனருக்கு உரியவை. வால்வு சரிசெய்தலில் ஓர் இனிய கணக்கு உண்டு. வால்வுகள் எட்டு. எண் 1ஐச் சரிசெய்ய வேண்டுமாயின் எண் 8 முழுதும் திறந்திருத்தல் வேண்டும். எண் 3இற்கு எண் 6. எண் 5இற்கு எண் 4. இரண்டையும் கூட்டினால் எப்பொழுதும் 9 வரும். கணக்கிலே வெறுப்புடைய மாணவர்க்கு இதனைக் காட்டினால் வெறுப்பு நீங்கும் என்று நம்புகின்றேன். இதுவரை காட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மைனரில் உயிருக்கு இறுதி செய்யக்கூடிய உறுப்பு இயந்திரத்திலன்று, முன்சில்லின் பின்னே ஒளிந்திருக்கின்றது. சில்லைத் தாங்கித் திருப்பும் தண்டின் கீழ்முனை, திருகுமரை வெட்டிய ஓர் உறையினுள்ளே சுழல்கின்றது. இதனை ‘ற்றணியன்’ என்பர். கிறீஸ் இன்றேல் மரை தேயும். தேய்ந்த மரை ஒருநாள் கழன்றுவிட, சில்லு மடிந்து வண்டி வீதியிற் குப்புற அமரும். மெல்ல ஓடுகையில் நேர்ந்தால் நல்லூழ். பழைய கையேடுகள் 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் இடச் சொல்கின்றன. அவ்வாறு இடும்போது சில்லை நிலத்தினின்றும் தூக்கிவிடல் வேண்டும். பாரம் நீங்கினாற்றான் மரையின் அமுங்கிய பக்கத்துக்குக் கிறீஸ் செல்லும். சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்து, ஆட்டம் இருந்தால் அவ்வண்டியை நிறுத்திவிடுக. இவ்வூரிலேயே ஒரு கராஜில் ‘முழுச் சேர்விஸ்’ என்று பணம் பெற்றுக்கொண்டு இந்நிப்பிள்களைத் தொடாது விட்டதைக் கண்டேன். நிப்பிளின் மேலிருந்த பழைய சேறு அப்படியே இருந்தது. அன்று முதல் அவ்வேலையை நானே செய்கின்றேன்.

பிறேக் பற்றியும் அவ்வாறே. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இயல்பினது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை தாழும். நெடிய இறக்கத்தில் பிறேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது அது கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும் தன்மையதாதலின் மிதி வெறுமையாய்க் கீழே செல்லும். நம் பக்கத்தில் வீதிகள் சமமானவை. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் குடும்பத்துடன் செல்வார் இதனை நினைத்தல் வேண்டும். ஈரக்காற்றுள்ள நம் கரையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் தகும். கிடைக்காத காலத்தில் இயந்திர ஒயிலை அங்கே ஊற்றுதல் அறவே ஆகாது. அது இறப்பர் வளையங்களை ஊதச் செய்து, பிறேக்கைப் பிடித்தபடியே நிறுத்தும், அல்லது பிடிக்காமலே விடும்.

2022இல் எரிபொருள் வற்றி, யூலை முதல் கியூஆர் அட்டை முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கினர். சீனக்குடாவிலே பாரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்க, அவற்றின் நிழலிலே நாம் வரிசையில் நின்றோம். அந்நாட்களில் வீட்டினுள்ளே கலன்களிற் பெற்றோலைச் சேமித்தோர் பலர். பெற்றோலின் ஆவி காற்றினும் பாரமானது. தரையோடு தவழ்ந்து சென்று, அடுத்த அறையிலுள்ள அடுப்பையும் தேடிக்கொள்ளும். ஓடாது நின்ற வண்டிகளிலோ பற்றரி இறங்கிற்று. பிறேக் சில்லோடு ஒட்டிற்று. நெடுநாள் நிறுத்துவார் கைப்பிறேக்கை இழுத்துவிடாது, சில்லுக்குக் கட்டை வைத்து, பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுவது நன்று.

இக்கால யப்பானிய வண்டிகளைப் பற்றி இளைய மாணவர் கேட்பர். அவற்றிலே காபரேற்றரும் இல்லை, சரிசெய்யும் முனைகளும் இல்லை. கணினியே யாவும் செய்கின்றது. ஆயினும் காற்று வடி, ஒயில், றயர் அமுக்கம், பிறேக் எண்ணெய், துடைப்பத்தின் இறப்பர் என்பன நம் கைக்கு எட்டுவனவே. ஹைபிறிட் வண்டியாயின் பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்று வழி பெரும்பாலும் பின்னிருக்கைப் பக்கத்தில் இருக்கும். அதன் வலையில் தும்பும் மணலும் அடைத்தால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். வலையைக் கழற்றித் தட்டித் துப்புரவு செய்தல் ஒரு சிறுவனுக்கும் இயலும். செம்மஞ்சள் நிறக் கம்பிகளை மட்டும் ஒருவரும் தொடலாகாது. அவற்றில் ஓடும் மின்னழுத்தம் உயிர் கொல்ல வல்லது. அங்கே நம் ஸ்பனரை வைத்துவிட்டுப் பயின்றவரை அழைத்தல் வேண்டும்.

வடித்த பழைய ஒயிலை வடிகானில் ஊற்றற்க. மழை வந்தால் அது நேரே துறைமுகத்துக்கே செல்லும். மூடியுள்ள கலனிற் சேர்த்துவைத்தால் சேர்விஸ் நிலையங்கள் சில ஏற்றுக்கொள்ளுகின்றன. ஊற்றிக் கொடுக்கும்போது மணலும் நீரும் கலவாது பார்த்துக்கொள்க.