பத்திரிகையிலிருந்து இணையத்திற்கு: ஒரு நைஜீரிய இளைஞரின் வாணிகம்

நைஜீரியா என்றதும் நம்மில் பலருக்கு முதற்கண் நினைவுக்கு வருபவை எண்ணெய்க் கிணறுகளே. ஆயினும் அந்நாட்டையும் நம் நாட்டையும் பிணைக்கும் வேறோர் ஒற்றுமை உண்டு. 2006-ஆம் ஆண்டில் உலக நாடுகள் எடுத்த திரைப்படங்களை யுனெஸ்கோ நிறுவனம் கணக்கெடுத்தபோது, 1,091 படங்களுடன் இந்தியா முதலிடத்தையும், 872 படங்களுடன் நைஜீரியா இரண்டாமிடத்தையும் பெற்றன. அமெரிக்கா 485 படங்களுடன் மூன்றாவதாக நின்றது. இதனைக் கேட்டவுடன் லாகோஸ் நகரில் கோடம்பாக்கத்தைப் போலப் பெரும் படப்பிடிப்பு நிலையங்கள் இருக்குமென்று நாம் எண்ணிவிடலாகாது. அந்த 872 படங்களும் வீடியோவில் எடுக்கப்பட்டுக் கடைவீதியில் விற்கப்பட்டவை. அவற்றுட் பல திரையரங்கின் வாயிலையே கண்டதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. 1980-களில் நைஜீரியப் பொருளாதாரம் நலிவுற்றது. படச்சுருள் வாங்க அந்நியச் செலாவணி கிட்டவில்லை. இருட்டிய பிறகு வெளியே செல்ல மக்கள் அஞ்சினர். திரையரங்குகள் கிடங்குகளாகவும் பிரார்த்தனைக் கூடங்களாகவும் மாறின. இந்நிலையில் 1992-இல் கென்னத் நெபுவே என்னும் வணிகர், இக்போ மொழியில் ஒரு கதையை வீடியோவில் படமாக்கி நேரே காசெட்டாக விற்றார். விற்காமல் தேங்கிக் கிடந்த வெற்றுக் காசெட்டுகளைத் தள்ளிவிடவே அவர் இவ்வழியைக் கண்டார் என்று சொல்வதுண்டு. எவ்வாறாயினும், அப்படம் பெற்ற வெற்றியைக் கண்டு நூற்றுக்கணக்கானோர் அத்தொழிலில் இறங்கினர். நோலிவுட் எனப் பின்னர் பெயர் பெற்ற படத்தொழில் இவ்வாறு கடைவீதியிலே பிறந்து வளர்ந்தது.

அத்தொழிலை இணையத்தில் ஏற்றிய இளைஞரைப் பற்றியே இங்குக் கூறப்புகுந்தோம். அவர் பெயர் ஜேசன் என்ஜோக்கு. 1980-இல் லண்டனில் நைஜீரியக் குடும்பத்தில் பிறந்தவர். தாயாரின் உழைப்பில் வளர்ந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று 2005-இல் பட்டம் பெற்றார். ஆனால் அவர் மனம் சோதனைச்சாலையில் நிற்கவில்லை. மாணவர்களுக்கென ‘பிராஷ்’ என்றொரு பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். பத்திரிகை நடத்திக் கை சுட்டுக்கொண்டவர்கள் நம்மவரிலும் உண்டாகையால் அதன் முடிவை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அச்சுக்கூலி தவறாமல் வரும். விளம்பரப் பணம் தவறி வரும். பத்திரிகை நின்றது. அதனை அடுத்து அவர் தொட்ட வேறு சில முயற்சிகளும் துலங்கவில்லை. முப்பது வயதை நெருங்கும் காலத்தில், கையில் பொருளின்றி, தாயாரின் வீட்டிற்கே திரும்பினார்.

அந்த வீட்டுக் கூடத்திலேதான் அவருடைய அடுத்த தொழில் காத்திருந்தது. ஒரு காலத்தில் ஆங்கிலத் தொடர்களைக் கண்டு வந்த தாயார் இப்போது நைஜீரியப் படங்களையே விரும்பிப் பார்ப்பதை மகன் கவனித்தார். தாயாருக்காக அப்படங்களை இணையத்தில் தேடினார். முறையாக விற்பவர் எவரும் இலர். ஒரு பெரும் படத்தொழில் இயங்குகிறது. அதனை நாடி ஏங்கும் மக்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் வாழ்கின்றனர். இரண்டினுக்கும் இடையே பாலமில்லை. மும்பை மாட்டுங்காவின் அரோரா திரையரங்கில் தமிழ்ப் படம் திரையிடப்பட்ட நாட்களில், நகரின் மறுகோடியிலிருந்தும் இரண்டு மின்சார ரயில் மாறி வந்து வரிசையில் நின்றோர் நம்மில் உண்டு. படம் எத்தகையது என்று அன்று நாம் கேட்கவில்லை; நம் பேச்சு காதில் விழுந்தாற் போதும் என்றிருந்தோம். அந்தத் தாயாரின் மனநிலையை நமக்கு எவரும் விளக்க வேண்டா.

என்ஜோக்கு லாகோஸுக்குப் புறப்பட்டார். கல்லூரித் தோழரான பாஸ்டியன் காட்டர் என்னும் ஜெர்மானியர் முதற்பணம் அளித்துக் கூட்டாளியானார். லாகோஸின் மேற்கே அலாபா என்றொரு சந்தை உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி, வானொலி, மின்கம்பி என மின்கருவிகள் யாவும் மலைபோற் குவிந்துள்ள இடம். படங்களுக்கு முதல் போட்டு, அவற்றை வட்டுகளாக்கி நாடெங்கும் அனுப்பிய வணிகர்கள் அங்கேதான் கடை வைத்திருந்தனர். திருட்டு வட்டுகளை அச்சிட்டோரும் அதே சந்தையில்தான் வாழ்ந்தனர்! கடை கடையாக ஏறியிறங்கி, இணையத்தில் காட்டும் உரிமையை எழுத்து மூலம் வாங்குவதே அவ்விளைஞரின் முதல் வேலையாயிற்று.

இஃது எளிய வேலையன்று. படத்தை வட்டாக விற்பதே வருமானம் என்றிருந்த வணிகர்க்கு, இணைய உரிமை என்பது கண்ணால் காணாத சரக்கு. காணாத சரக்கை விற்பதில் ஒரு நன்மை, விலை குறைவாக இருக்கும். ஒரு தீமை, அது யாருடையது என்பதே தெளிவாக இராது. தயாரிப்பாளரா, முதல் போட்ட வணிகரா, இருவருமா? ஒவ்வொரு படத்திற்கும் உரியவரைக் கண்டறிந்து கையொப்பம் பெற வேண்டியிருந்தது. இத்தகைய கணினி வாணிகங்களைக் குறித்துப் பேசுவோர் பொறியியல் வியப்புகளையே எடுத்துரைப்பர். எம் கருத்து வேறு. என்ஜோக்கு முதலில் ஈட்டிய செல்வம் அந்த ஒப்பந்தத் தாள்களே. பொறி பிற்பாடு வந்தது.

2010-இல் அப்படங்களை யூடியூபில் ‘நோலிவுட் லவ்’ என்ற பெயரில் இலவசமாகக் காட்டத் தொடங்கினார். வருவாய் விளம்பரத்தால் வந்தது. இதன் நுட்பம் ஒன்றை நேயர்கள் அறிதல் நலம். ஒரே படத்தை லாகோஸில் ஒருவரும் லண்டனில் ஒருவரும் பார்த்தால் இருவராலும் வரும் பணம் ஒன்றாகாது. லண்டன்வாசியின் கண்ணில் படுவதற்கு விளம்பரதாரர் மிகுதியாகக் கொடுப்பர். ஆகவே நாட்டை விட்டு வந்தவர் ஒருவர், நாட்டிலுள்ளோர் பலருக்கு நிகராவார். கணக்கு இவ்வாறு தொடக்கத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அடுத்த ஆண்டின் இறுதியில் ‘இரோக்கோ டிவி’ என்னும் சொந்த மேடை அமைந்தது. இரோக்கோ என்பது மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் ஓங்கி வளரும் வைரம் பாய்ந்த மரம். 2012-இல் டைகர் குளோபல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 80 இலட்சம் டாலர் இட்டது. மாதச் சந்தா முறையும் அவ்வாண்டே வந்தது. அமெரிக்காவும் பிரிட்டனுமே பெருஞ் சந்தைகளாக விளங்கின. 2013-இல் என்ஜோக்குவும் காட்டரும் ‘ஸ்பார்க்’ என்றொரு நிதியம் நிறுவி, லாகோஸின் இளம் இணைய நிறுவனங்களுக்கு முதல் அளித்தனர். ஓட்டல் அறைகளை இணையவழி அமர்த்தித் தரும் நிறுவனம் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டே அவருடைய மனைவியும் நடிகையுமான மேரி என்ஜோக்கு ‘ராக்’ என்ற படத் தயாரிப்பு நிலையத்தைத் தொடங்கினார்.

இந்நிலையில் அவர் வெளிநாட்டவர்க்கு மட்டும் விற்று அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் பதினைந்து கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டின் படங்களை அந்நாட்டாரே பார்க்காத மேடை என்ன மேடை? தாயகத்திலும் சந்தாதாரரைத் திரட்ட முனைந்தார். இடர்கள் இங்கேதான் தொடங்கின.

முதலாவது இடர் கைபேசி இணையத்தின் கட்டணம். சென்னையிலிருந்து ஊறுகாய் ஜாடியை ரயில் பார்சலில் வரவழைத்து, ஊறுகாயின் விலையினும் கூலி மிகுந்துபோன அனுபவம் நம் வீடுகளில் உண்டு. நைஜீரியாவிலும் அதே கதை. படத்திற்கான சந்தா சிறிது. அப்படத்தைக் கைபேசிக்குக் கொண்டுவரும் இணையச் செலவு பெரிது. இதற்கு அவர் கண்ட மாற்று நயமானது. லாகோஸில் சிறு சாவடிகள் அமைக்கப்பட்டன. சந்தாதாரர் தம் கைபேசியுடன் அங்குச் சென்று, தம் இணையக் காசு செலவாகாமல் படங்களை இறக்கிக்கொண்டு வீட்டிற்குச் சென்று பார்க்கலாம். உலகெங்கும் படங்கள் கண்ணுக்குத் தெரியாத அலைகளில் பறந்தபோது, லாகோஸில் அவை மீண்டும் கடைத்தெருவிற்கே வந்தன.

இரண்டாவது இடர் நாணயம். இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். மாதச் சந்தா 1,000 நைரா எனக் கொள்வோம். ஒரு டாலருக்கு 200 நைரா என்றிருந்தபோது அது 5 டாலர். 2016 ஜூனில் நைஜீரிய அரசு நாணயத்தின் பிடியைத் தளர்த்தியது. ஒரே நாளில் டாலரின் விலை சுமார் 280 நைராவுக்கு ஏறிற்று. அதே சந்தா மூன்றரை டாலரளவில் வந்து நின்றது. சந்தாதாரர் ஒருவரும் விலகவில்லை. எவரும் பிழை செய்யவில்லை. எனினும் வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மறைந்தது. கணினிச் சேவைக்கு டாலரில் கட்டணம் செலுத்தும் நிறுவனத்திற்கு இஃது எத்தகைய அடி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. உள்நாட்டில் ஆள் சேரச் சேர ஒவ்வொருவராலும் வரும் டாலர் குறைந்துகொண்டே சென்றது.

அதே ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டின் கனால் பிளஸ் முதலியோரிடமிருந்து 1 கோடியே 90 இலட்சம் டாலர் வந்திருந்தது. நெட்பிளிக்ஸ் நிறுவனமும் அந்த ஜனவரியிலேயே நைஜீரியாவில் நுழைந்தது. 2019-இல் ராக் நிலையத்தைக் கனால் பிளஸ் வாங்கிக்கொண்டது. மனைவியார் ஆறே ஆண்டுகளில் வளர்த்த தொழில், கணவரின் தொழிலினும் திண்மையானதாக முடிந்தது என்பது எம் துணிபு.

2020-இல் கொள்ளைநோய் வந்தது. வீடடங்கிய மக்கள் படம் பார்ப்பர், தொழில் செழிக்கும் என்று பலர் கருதினர். வெளிநாடுகளில் அவ்வாறே ஆயிற்று. நைஜீரியாவிலோ அன்றாடக் கூலி நின்ற வீட்டில் முதலில் நிறுத்தப்பட்டது சந்தாவே. அவ்வாண்டு ஆகஸ்டில் 150 பேர் வேலை நீக்கம் பெற்றனர். தாயகத்தில் வளர்வதற்கான செலவை நிறுத்தி, வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் வாழும் ஆப்பிரிக்கர்மீதே இனிக் கருத்துச் செலுத்துவதாக என்ஜோக்கு அறிவித்தார். இதனை அவர் மழுப்பவில்லை. தாம் எண்ணியது நிறைவேறவில்லையென்று வெளிப்படையாகவே எழுதினார். தொழிலதிபரிடம் அரிதாகக் காணும் பண்பு இது. ஆயினும் அந்த 150 குடும்பங்களுக்கு அதனால் ஆறுதல் விளைந்திருக்குமெனச் சொல்ல எமக்கு நாவெழவில்லை.

அவரை வெல்ல வந்த பெரியோரும் அங்கு எளிதில் நிலைக்கவில்லை. அமேசான் நிறுவனம் 2024 ஜனவரியில், ஆப்பிரிக்காவில் புதுப் படங்களை எடுப்பிக்கும் பணியை நிறுத்தியது. அக்காலத்தில் நைஜீரிய நடிகர் நடிகையர் பலர் தாமே தயாரிப்பாளராகித் தம் படங்களை நேரே யூடியூபில் இலவசமாக வெளியிட்டு, விளம்பரத்தால் வாழத் தலைப்பட்டனர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், அலாபா சந்தையிலிருந்து தாள்கட்டுடன் திரும்பிய இளைஞர் முதன்முதலாகக் கடை விரித்த இடமும் அதுவே.