ஊருணிக்கு வரும் சிமெண்ட் தண்ணி

"சிவில்காரன் மலருக்கு என்ன எழுதப் போறான், செங்கலைப் பத்தியா?" என்று மெக்கானிக்கல் தோழர்கள் கேலி செய்தார்கள். செங்கலைப் பற்றி அல்ல. செங்கல் அடுக்குவதற்கு முன்னால் நாம் வானம் தோண்டிக் கரையில் போடுகிறோமே, அந்த மண்ணைப் பற்றி. ஐப்பசி மழையில் அது எங்கே போகிறது என்பதுதான் என் கட்டுரை.

வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு நம்ம காரைக்குடிப் பக்கம் கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் ஊரே. அதனால்தான் பெரியவர்கள் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள், கண்மாய் கட்டினார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் போனால் பழைய வீடுகளைக் கொஞ்சம் சிவில்காரன் கண்ணோடு பாருங்கள். ஓட்டுக் கூரைகள் உள்முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். விழுகிற மழையை அண்டாக்களில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் தரைக்கடியில் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து, தெருச் சரிவில் ஓடி ஊருணியில் சேரும். லெவல் மெஷின் இல்லாத காலத்தில் எப்படித்தான் வாட்டம் பார்த்தார்களோ! 2014-ல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுப்பு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் போட்டோ எடுக்கிறார்கள். வாய்க்காலைப் போட்டோ எடுத்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

இந்த வாட்டத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. மழையை ஊருணிக்குக் கொண்டு போகிற அதே பாதை, தெருவில் கிடக்கும் மற்றதையும் கொண்டு போகும்.

ஒரு ஏக்கர் மனையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர். புல்லும் புதரும் இருந்தபோது அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். ஜே.சி.பி. விட்டுச் சுரண்டி, கிராவல் அடித்து, லாரி ஓடி இறுகிய தரையில் இறங்காது, ஓடும். ஓடும்போது சும்மா ஓடுமா? செம்மண்ணை அரித்துக்கொண்டுதான் ஓடும்.

"மண்ணுதானே, அடியில படிஞ்சிடும்" என்பார்கள். இங்கேதான் சாயில் மெக்கானிக்ஸில் படித்த ஸ்டோக்ஸ் விதி வேலைக்கு வருகிறது. துகளின் விட்டம் பாதியானால் படியும் வேகம் நாலில் ஒரு பங்காகும். 0.075 மி.மீ. மணல் துகள் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க மூன்று, நான்கு நிமிஷம் போதும். 0.002 மி.மீ. களித் துகள் அதே ஒரு மீட்டர் இறங்கக் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும்! ஆக மணல் வரத்துக்காலிலேயே தங்கி அதைத் தூர்க்கும். களி ஊருணி வரை போய்த் தண்ணீரைச் செங்காவியாக்கும். வெளிச்சம் உள்ளே போகாது. பாசியும் மீனும் பாதிக்கும். பிறகு மெதுவாகப் படிந்து ஊருணியின் கொள்ளளவையும் தின்றுவிடும். ஒரே மண், இரண்டு விதத் தொல்லை.

சிமெண்ட் கதை வேறு. கலவை மெஷின் கழுவிய தண்ணீரின் பி.எச். 12-க்கு மேல். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்வது 6.5 முதல் 8.5 வரை. பி.எச். அளவில் ஒரு எண் கூடினால் காரத்தன்மை பத்து மடங்கு என்பதை முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் படித்தோம், பரீட்சையோடு மறந்தோம். இதோடு டீசல், பெயிண்ட், சென்ட்ரிங் பலகைக்குப் பூசும் பழைய ஆயில் எல்லாம் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் சுத்த நீர்ச் சட்டத்தை 1987-ல் திருத்தி, 1990 விதிகளில் 5 ஏக்கருக்கு மேல் மண்ணைக் கிளறும் கட்டுமானத்துக்கு மழைநீர் அனுமதி கட்டாயம் என்றார்கள். 1999-ல் அதை ஒரு ஏக்கராகக் குறைத்தார்கள். வேலை தொடங்கும் முன் மாசுத் தடுப்புத் திட்டம் எழுதி வைக்க வேண்டும். மண் எங்கே குவியும், தண்ணீர் எந்த மூலையில் வெளியேறும், எங்கே தடுப்பு என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நம்ம நாட்டில் 1974-ஆம் வருஷத் தண்ணீர்ச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாசுப் பொருளை நீர்நிலையில் தெரிந்தே விடக் கூடாது என்கிறது. 2006-ஆம் வருஷச் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் முன் அனுமதி வாங்க வேண்டும். கட்டட இடிபாட்டை வடிகாலை அடைக்கும்படி போடக் கூடாது என்று 2016 விதிகள் சொன்னன. அதற்குப் பதிலாக 2025-ல் அறிவித்த புதிய விதிகளுக்கு அமல் தேதி 2026 ஏப்ரல் 1. தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அது பார்ப்பது கட்டி முடித்த வீட்டின் கூரைத் தண்ணீரை. நம்ம ஊரில் நடப்பதோ 1,200 சதுர அடி, 2,000 சதுர அடி வீடுகள். 20,000 சதுர மீட்டர் எங்கே, இது எங்கே! கட்டுகிற அந்த எட்டு, பத்து மாதம் தண்ணீர் என்ன நிறத்தில் வெளியே போகிறது என்று கேட்க சைட்டில் சூப்பர்வைசரை விட்டால் ஆளில்லை. அந்த சூப்பர்வைசர் நாளைக்கு நாம்தான்.

பயிற்சிக்குப் போன ஒரு சைட்டில் மெஷின் கழுவிய தண்ணீரை நேரே தெரு வாய்க்காலில் விட்டார்கள். மேஸ்திரியிடம் கேட்டேன். "தம்பி, ஒரு மழை வந்தா தன்னால போயிடும்" என்றார். "எங்கண்ணே போகும்?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க ஊருப் பக்கந்தான்" என்று சிரித்தார். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவருக்குக் கழுவ ஒரு இடம் காட்டியிருக்க வேண்டியது வரைபடம் போட்டவர்.

செலவு பெரிதில்லை. மனையின் ஒரு மூலையில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தால் கழுவும் இடம் ஆயிற்று. காய்ந்த கலவையைப் பெயர்த்துத் தரை நிரப்பப் போடலாம். தோண்டிய மண்ணை வாய்க்கால் ஓரத்தில் குவிக்காமல் மேட்டுப் பக்கம் குவித்து, மழைக்கு முன் மூடி வைக்கலாம். பள்ளத்து விளிம்பில் மண் நிரப்பிய சாக்குகளை வரிசையாக அடுக்கினால் தண்ணீர் தேங்கி, மணலும் வண்டலும் அங்கேயே இறங்கும். களியை இது பிடிக்காது, ஸ்டோக்ஸ் கணக்கே சொல்லிவிட்டது. களிக்கு ஒரே வைத்தியம் மண்ணை அரிக்க விடாததுதான்: முழு மனையையும் ஒரேயடியாகச் சுரண்டாமல் வேலை நடக்கும் பகுதியை மட்டும் திறப்பது, அஸ்திவார வேலையைப் புரட்டாசிக்கு முன் முடிப்பது.

இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் தம்பிகளுக்கு ஒன்று. அடுத்த மழையில் வீடு கட்டும் தெருவின் வாய்க்காலில் ஒரு பாட்டில், அந்த வாய்க்கால் சேரும் ஊருணி வாயில் ஒரு பாட்டில் பிடியுங்கள். பி.எச். தாள் வைத்துப் பாருங்கள். பிறகு பாட்டிலை ஹாஸ்டல் ஜன்னலில் அசையாமல் வைத்து, எத்தனையாவது நாள் தெளிகிறது என்று நோட்டில் குறியுங்கள். லேப் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.