பதநீரைச் சுவை பார்த்துக் கலக்குங்கள்

செங்கற்பட்டு மாவட்டத்தின் கடலோர மணற்பாங்கான நிலங்களிலும் ஏரிக்கரைகளிலும் பனை மரங்கள் உள்ளன. கோடையில் மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பதநீரும் நுங்கும் விற்கப்படுகின்றன. வெளியூர்க்காரர் முதல் பட்டையைக் குடித்துப் பார்த்த பிறகே இரண்டாவதைக் கேட்பார். எனவே பனையேறியின் வருமானம் சுவையைப் பொறுத்தே அமைகிறது.

ஏன் கெடுகிறது?

புதிய பனஞ்சாற்றில் சுமார் 10 முதல் 12 சதம் சர்க்கரை இருக்கும். காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் இந்தச் சர்க்கரையைச் சாராயமாகவும் அமிலமாகவும் மாற்றுகின்றன. கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு இவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும். மிகுந்தால் நாக்கு காந்தும். சாறு புளித்த பின் சுண்ணாம்பைக் கூட்டினாலும் இழந்த சர்க்கரை திரும்பாது. புளித்த சாறு கள்ளாகிவிடும். தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது.

கலக்கும் முன் கவனிக்க

விற்பனைக்கு வரும் பதநீர் ஒரே மரத்துச் சாறு அன்று. ஆண் பனை, பெண் பனை ஆகிய இரண்டின் பாளைகளிலிருந்தும் இறக்கியது ஒன்றாக ஊற்றப்படுகிறது. 2 லிட்டர் வீதம் 10 கலயங்களில் ஒன்று மட்டும் புளித்திருந்தால், அதை ஒதுக்குவதால் நட்டம் 2 லிட்டர்தான். சேர்த்து ஊற்றினாலோ 20 லிட்டரும் கெட்டுவிடும். பிரான்சில் போர்தோ பகுதியில் இரண்டு மூன்று திராட்சை வகைகளைச் சேர்த்து வெள்ளை ஒயின் செய்வோரும் ஒவ்வொரு தொட்டியையும் தனித்தனியே சுவைத்த பின்னரே கலக்கின்றனர். பனைக்கும் இம்முறை பொருந்தும்.

சுவைக்கும் முறை

1. வெற்றிலை, புகையிலை போடுவதற்கு முன், அதிகாலையில் சுவைக்க வேண்டும்.

2. கண்ணாடி டம்ளரில் சிறிது ஊற்றிப் பார்க்கவும். சுண்ணாம்பு அடியில் தங்கி மேலே தெளிந்திருப்பது நல்லது. நுரையும் குமிழியும் எழுந்தால் புளிப்பு தொடங்கிவிட்டது.

3. முகர்ந்து பார்க்கவும். கள் வாடை இருந்தால் சேர்க்கக் கூடாது.

4. ஒரு வாய் பருகவும். இனிப்பு முன்னும் மெல்லிய சுண்ணாம்புச் சுவை பின்னும் தெரிய வேண்டும். இனிப்பு நாக்கில் நெடுநேரம் நின்று கசந்தால் சாக்கரின் கலப்படத்தைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு கலயத்துக்கும் இடையே வாயை நீரால் கொப்பளிப்பது நலம்.

ஐயம் இருப்பின் லிட்மஸ் தாளைப் பயன்படுத்தலாம். சிவப்புத் தாள் நீலமானால் சுண்ணாம்பு வேலை செய்கிறது. நீலத் தாள் சிவந்தால் புளித்துவிட்டது. அக்கலயத்தைக் கழுவிக் காயவைத்துப் புதிய சுண்ணாம்பு பூச வேண்டும். இரவில் வௌவால் வாய் வைக்காதபடி கலயத்தை மூடிக் கட்டுவதும் அவசியம்.

எதனுடன் பரிமாறலாம்?

பதநீருக்கு முதல் துணை நுங்கு. பாளை சீவிய மரம் நுங்கு தராது. ஆகவே சில பெண் பனைகளை நுங்குக்கென விட்டுவைப்பது விற்பனைக்கு உதவும். புளிப்பு மாங்காய்த் துண்டுகள் சுண்ணாம்பின் காரத்தைத் தணிக்கும். உப்பும் காரமும் உள்ள சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை ஆகியவை இனிப்பை எடுத்துக் காட்டும். இனிப்புப் பண்டங்களுடன் கொடுத்தால் பதநீர் சப்பென்று தோன்றும்.

மீதமாகும் நல்ல பதநீரில் பொங்கல் செய்யலாம். முதலில் அரிசியைத் தண்ணீரில் பாதி வேகவிட்டு, தெளிந்த பதநீரை வடிகட்டிப் பின்னர் சேர்க்க வேண்டும். சர்க்கரை மிகுந்த சாற்றில் அரிசி எளிதில் வேகாது. இதற்கு வெல்லம் தேவையில்லை.

காலையில் கலயத்துக்கு ஒரு வாய் என்று சுவைத்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. அந்தச் சிறு கவனமே அன்றைய உழைப்பு முழுவதையும் காப்பாற்றும்.