கருவறை என்ன, சோதனைச்சாலையா?

மன்னர் உண்ணுமுன் அடிமையை உண்ணச் சொல்வார்களாம். அடிமை பிழைத்தால் உணவு நல்லது. அடிமை மாண்டால் மன்னர் பிழைத்தார்! அந்தக் காலம் மலையேறிவிட்டது என்கிறோம். மலையேறிவிட்டதா?

ஓசூர் சிப்காட் வாயிலிலே நின்று பாருங்கள், தோழர்களே! சாரை சாரையாகச் செல்கிறார்கள் பாட்டாளிகள். உள்ளே பெயிண்டு உண்டு, தின்னர் உண்டு, பற்றவைக்கும் புகை உண்டு. கிருஷ்ணகிரி மாந்தோப்பிலே, ரோஜாக் குடிலிலே பூச்சிமருந்து உண்டு. வேலை செய்வோரிலே சூல்கொண்ட தாய்மாரும் உண்டு. வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு எது நஞ்சு, எது நஞ்சல்ல? புழங்கும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களிலே மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சோதனையே நடக்கவில்லை!

விளைவென்ன? ஜப்பானின் மினமாட்டாவைக் கேளுங்கள். ஆலை கடலிலே கொட்டிய பாதரசம் மீனுக்குப் போயிற்று; மீன் குடிசைக்குப் போயிற்று. 1956-லே நோய் வெளிப்பட்டது. தாயிடம் நோயின் சாயல்கூடத் தெரியாத வீட்டிலும் பிள்ளை மூளை சிதைந்து பிறந்தது. நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்று நம்பிய மருத்துவ உலகம் திகைத்து நின்றது.

எலியிடம் சோதிக்கலாமே என்பீர்கள். சோதிக்கிறார்கள். காலமும் அதிகம், செலவும் அதிகம். எலி மூளை நம் பிள்ளை மூளையும் அல்ல.

விஞ்ஞானம் வேறு வழி காட்டுகிறது. மனிதத் தோலின் செல்லையே கருவின் செல்லைப்போல் மாற்றலாம் என்று 2007-லே மெய்ப்பித்தார் ஜப்பானின் யமனாகா. 2012-லே நோபல் பரிசு பெற்றார். அத்தகைய செல்லிலிருந்து உளுந்தளவு மூளைத்திசுவை 2013-லே வியன்னாவில் வளர்த்தனர் லங்காஸ்டரும் நோப்ளிக்கும். அந்தத் திசுவிலே ஐயத்துக்குரிய பொருளை இட்டு, நரம்புச் செல் பெருகுகிறதா, கிளைவிடுகிறதா, ஒன்றோடொன்று கைகோக்கிறதா என்று பார்க்கலாம். அது முழு மூளையல்ல. ரத்தக் குழாய்கூட இல்லை. எல்லாம் சொல்லாது. ஆயினும் முன்கூட்டியே எச்சரிக்கும்.

நமக்கு எட்டாத கனியா? இல்லை! அத்திசுவை வளர்க்கும் சிறு கருவியைச் சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2021-லே ஏறத்தாழ 5 டாலர் செலவிலே அச்சிட்டுக் காட்டின. இந்திய சர்க்காரும் 2023-லே புதிய மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, இத்தகைய முறைகளை ஏற்றது. நன்று! ஆனால் அது மாத்திரைக்கு. தோப்பிலே தெளிக்கும் மருந்துக்கு? ஆலையிலே ஆவியாகும் திரவத்துக்கு? அவற்றுக்கும் இச்சோதனையைக் கட்டாயமாக்குக என்கிறோம். முடிவைத் தமிழிலே ஆலைச் சுவரிலே ஒட்டுக என்கிறோம்.

ஒன்று மட்டும் மறவாதீர். ஈயம் நஞ்சென்று அறிய இனி ஆய்வு வேண்டாம். அதற்கு வேண்டியது காற்றுப்போக்கி, கையுறை, மாற்று வேலை. "ஆராய்கிறோம்" என்று சொல்லி அவற்றைத் தள்ளிப்போட முதலாளியை விடாதீர்!

சோதனை கிண்ணத்திலே நடக்கட்டும். தாயின் கருவறையிலே வேண்டாம்!