யாருடைய கணினியில் இருக்கிறது நம் நூலகம்?

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சேலை நெய்வது வீட்டில். நூலுக்குச் சாயம் ஏற்றுவது மட்டும் வெளியே, பட்டறையில். கொப்பரை, அடுப்பு, தண்ணீர், கழிவு என்று அதன் செலவையும் தொல்லையையும் ஒவ்வொரு தறிக்காரரும் தனியாகச் சுமக்க முடியாது. பல தறிகளுக்கு ஒரு பட்டறை போதும்.

இணையத்தில் கல்விப் பணி செய்யும் தன்னார்வலர்களுக்கும் இதே கணக்குத்தான். ஒருவர் மாலை வகுப்புக்குப் பாடக் காணொளி சேர்க்கிறார். இன்னொருவர் பழைய நூல்களைத் தட்டச்சு செய்கிறார். வேறொரு குழு கணிதப் பயிற்சித் தாள்களைத் தொகுக்கிறது. இவை எல்லாம் பிறர் கையில் கிடைக்க வேண்டுமென்றால் இரவும் பகலும் அணையாமல், இணையத்தோடு இணைந்தே இருக்கும் ஒரு கணினி தேவை. அதைத்தான் சர்வர் என்கிறோம், தமிழில் வழங்கி. தனித்தனியே வாடகை கட்டி இரண்டு வருடத்தில் ஓய்ந்துபோவதைவிட, ஒரு நிறுவனமோ பல்கலைக்கழகமோ தரும் பொது சர்வரில் பல குழுக்கள் இடம் பிரித்துக்கொள்வது நல்ல வழி.

தமிழுக்கு இது புதிதல்ல. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றியவர். சாயத்தைக் கொண்டு சூரிய ஒளியை மின்சாரமாக்கும் மின்கலங்கள் அவருடைய ஆய்வுத்துறை என்பதை இளம்பிள்ளைக்காரர்கள் ரசிப்பார்கள். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சங்க நூல்களையும் காப்பியங்களையும் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் பிழை திருத்தினார்கள். கூலி கிடையாது, சொந்தமாகக் கட்டடமும் கிடையாது. தமிழ்.நெட், உத்தமம் போன்ற தளங்கள் அந்தக் கோப்புகளுக்கு இடம் கொடுத்தன.

அந்தத் திட்டத்தின் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் ஒரு குறிப்பு இருக்கும்: முகப்புப் பக்கத்தை நீக்காமல் யார் வேண்டுமானாலும் இதை இலவசமாகப் பரப்பலாம். சிறிய குறிப்புதான், ஆனால் திட்டத்தின் உயிரே அதில்தான் இருந்தது. இடம் கொடுத்த தளம் மாறினாலும், தமிழ் எழுத்துக் குறியீடு டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறினாலும் நூல்கள் தொலையவில்லை. படி எடுக்கும் உரிமை ஊருக்கே கொடுக்கப்பட்டிருந்ததால், ஓரிடத்தில் விளக்கு அணைந்தாலும் மற்றோரிடத்தில் எரிந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இலவச இடம் கொடுத்த ஜியோசிட்டிஸ் தளத்தை யாஹூ 1999-இல் வாங்கி, 2009 அக்டோபரில் மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள் அங்கே இருந்தன. தன்னார்வலர்கள் அவசர அவசரமாகப் படி எடுத்ததில் தப்பியவை தப்பின.

சர்வரில் இலவசமாக இடம் தருவதும் ஓர் உபயம்தான். அந்தச் சொல்லை இங்கே கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள் விளக்கை மட்டும் தரவில்லை. பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடுகளைச் சேர்த்துத் தந்தார்கள். ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அதற்குப் பெயர்: கிழடானதற்கும் செத்ததற்கும் ஈடாகக் குட்டி சேர்ந்து, எண்ணிக்கை குறையாமல் நிற்கும் மந்தை. விளக்கு ஒருநாள் செலவு, நெய் என்றைக்குமான செலவு என்று அந்த உபயதாரர்களுக்குத் தெரிந்திருந்தது. சர்வர் கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பெரும்பாலும் விளக்கை மட்டும் பேசிவிட்டு நெய்யை மறந்துவிடுகிறார்கள்.

விக்கிப்பீடியர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். விக்கிப்பீடியாவுக்கு உதவும் சிறு மென்கருவிகளை எழுதும் தன்னார்வலர்களுக்காக, ஜெர்மனியின் விக்கிமீடியா அமைப்பு 2005 முதல் ‘டூல்சர்வர்’ என்ற பொது சர்வரை நடத்தியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் கணினி கொடுத்து உதவியது. பல மொழிக்காரர்கள் அதில் கணக்கு வாங்கி வேலை செய்தார்கள். பராமரிக்கும் கைகள் குறைவு, பளுவோ ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 2014-இல் அது மூடப்பட்டு, வேலைகள் விக்கிமீடியா அறக்கட்டளையின் சர்வர்களுக்கு மாற்றப்பட்டன. இன்றைய டூல்ஃபோர்ஜ் அதன் தொடர்ச்சி.

டூல்சர்வரில் வேறொரு சிக்கலும் இருந்தது. ஒரு கருவியை எழுதியவர் படிப்பு, வேலை, குடும்பம் என்று விலகிப் போவார். அவருடைய நிரலைத் தொட மற்றவருக்கு உரிமை இல்லையென்றால், ஆயிரம் பேர் பயன்படுத்தும் கருவியும் நின்ற இடத்தில் நின்றுவிடும். அதனால் டூல்ஃபோர்ஜில் இடம் வேண்டுமென்றால் நிரல் திறந்த உரிமத்தில் இருந்தாக வேண்டும். கைவிடப்பட்ட கருவியை இன்னொருவர் ஏற்று நடத்தவும் முறை வகுத்திருக்கிறார்கள். பொது இடத்தில் வைத்தது பொதுவுக்கே என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுவது பிற்பாடு வரும் மனக்கசப்பைத் தவிர்க்கிறது.

பெரிய இடங்களுக்கும் நெய் தீர்ந்துபோவது உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள திறமூல ஆய்வகம், டெபியன், ட்ரூபல் போன்ற எத்தனையோ கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இடம் கொடுத்துவருகிறது. இரண்டரை லட்சம் டாலர் கிடைக்காவிட்டால் அந்த ஆண்டே மூட நேரிடும் என்று 2025-இல் அது அறிவித்தது. உதவி திரண்டது, ஆய்வகம் பிழைத்தது. கணக்கை மறைக்காமல் முன்கூட்டியே சொன்னதுதான் அதைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது.

இளம்பிள்ளை போன்ற ஊரில் ஒரு மாலை வகுப்புக் குழு இதில் இறங்க நினைத்தால், பெரிய சர்வரிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினி போதும். 2007-இல் தொடங்கிய கிவிக்ஸ் மென்பொருள், தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு மெமரி கார்டில் அடக்கித் தருகிறது. அறையில் இருக்கும் போன்கள் வைஃபை வழியாக இணையமே இல்லாமல் அதைப் படிக்கலாம். பயிற்சிப் பாடங்களுக்குக் கோலிப்ரி என்ற மென்பொருள் இருக்கிறது. படி எடுக்க அனுமதிக்கும் உரிமத்தில் வந்த தமிழ் மின்னூல்களை ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சிறு கணினி நிறைந்து, அக்கம்பக்கத்து ஊர்க் குழுக்களும் சேர்ந்து, பொது சர்வருக்கு உபயதாரர் ஒருவரும் கிடைத்தால், பேச வேண்டியதை அப்போதே பேசிவிட வேண்டும். டொமைன் பெயர் உபயதாரர் பெயரிலோ, ஆர்வமுள்ள ஓர் இளைஞரின் சொந்த மெயிலிலோ இருக்கக் கூடாது. குழுவின் பெயரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உபயதாரரின் பெயரை முகப்பில் போடலாம், ஆனால் பாடத்தில் எது இருக்க வேண்டும் என்பது ஆசிரியர்களின் முடிவு. உதவியை நிறுத்துவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்வார் என்பதையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் பெயர், போன் எண் போன்றவற்றைப் பொது சர்வரில் ஏற்றவே வேண்டாம்.

பேக்கப் வேறு ஊரில், வேறு ஒருவரிடம் இருக்கட்டும். எடுத்துவைத்தால் மட்டும் போதாது, திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தும் நாள் அதற்குத் தோதானது. தறிகள் ஓடாமல் தெரு அமைதியாக இருக்கும்; சார்ஜ் போட்டுவைத்த ஒரு லேப்டாப்பில் படியை ஏற்றி, பாடங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றனவா என்று சாயங்காலத்துக்குள் பார்த்துவிடலாம்.