சிலம்பா, விரியனா?

வாள் ஏந்திய வீரனாகச் சின்ன ஊரில் கிளம்பி, எதிர்ப்படுகிறவரிடமெல்லாம் துப்புக் கேட்டு, காடு மலை சுற்றிப் பரிசுகள் சேர்க்கும் வீடியோ கேம்களைப் பிள்ளைகள் ஆடப் பார்த்திருப்பீர்கள். 1974இல் அமெரிக்காவில் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பகடை விளையாட்டு இவற்றுக்கு முன்னோடி. 1986இல் ஜப்பானின் 'டிராகன் குவெஸ்ட்' இந்த வகையை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியது.

தென்காசிப் பக்கத்து நேயர்களுக்கு இந்தக் கதைப்போக்கு புதிதல்ல. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறத்தி சிங்கி ஊர் ஊராகக் குறி சொல்லி நகை சேர்க்கிறாள். இறைவன் குற்றாலநாதர் மேல் காதல் கொண்ட வசந்தவல்லிக்கும் கை பார்த்துக் குறி சொல்கிறாள். பறவை பிடிக்க வந்த அவள் கணவன் சிங்கனோ சிங்கியைக் காணாமல் தேடி அலைகிறான்.

கடைசியில் கண்டதும் நலம் விசாரித்தானா? இல்லை. காலில் விரியன் பாம்பு கிடக்கிறதே என்கிறான். சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கிய சிலம்பு அது என்கிறாள் சிங்கி. அப்படியே ஒவ்வொரு நகைக்கும் கேள்வி, அது கிடைத்த ஊரோடு பதில். எந்த கேமிலும் பரிசுப் பட்டியலை இவ்வளவு குறும்பாகக் காட்டிவிட முடியாது!

கவிராயருக்கும் பரிசு கிடைத்தது. மதுரை முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு அளித்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர்.