ரயரும் வில்லும் அணியும்

மோட்டார்க் கார் வாங்க விழையும் இளைஞர் முதற்கண் வினவுவது அதன் எஞ்சினின் வலுவையே. குதிரைவலு எத்துணை, நின்ற கார் நூறு கிலோமீற்றர் வேகத்தை எத்தனை விநாடியில் எய்தும் என்பனவற்றை அவர் விரல்நுனியில் வைத்திருப்பார். ஆயின் அவ்வலு முழுவதும் எவ்வழியாக நிலத்தைச் சேர்கின்றது என வினவுவார் மிகச் சிலரே. ஆட்களோடு 1,300 கிலோகிராம் எடையுள்ள காரொன்று, காற்று 32 இறாத்தல் அடைக்கப்பெற்ற நான்கு ரயர்களின்மேல் நிற்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு ரயரும் ஏறக்குறைய 325 கிலோகிராம் தாங்கும். அப்பாரத்தை உள்ளிருக்கும் காற்றின் அமுக்கத்தால் வகுப்பின், ஒரு ரயர் தெருவைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 145 சதுர சென்ரிமீற்றர் என வரும். வளர்ந்த ஒருவரின் கைப்பரப்பு அவ்வளவே. ஓடுதலும் திரும்புதலும் நிற்றலுமாகிய மூன்றும் இந்நான்கு கைப்பரப்பினுள்ளேயே நிகழ்ந்தாக வேண்டும். ஆதலின் விரைவுக்கெனக் கார் தெரிவோர் தம் பணத்தை முதலில் ரயருக்கும், அடுத்து வில்லுக்கும், பின்னும் எஞ்சியிருப்பின் அணிகளுக்கும் செலவிடுதலே முறை என்பது நம் துணிபு. நம்மூரிற் காணப்படுவதோ பெரும்பாலும் இதன் மறுதலை.

தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கென அன்பர் சிலர் நகைத்தல் கூடும். பழந்தமிழர் தேரின் சில்லுக்குக் குறடு, ஆர், சூட்டு என உறுப்புத்தோறும் பெயர் வைத்தனர். மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னுங் கருத்தை வள்ளுவர் ஆண்டார். வண்டியைப் பற்றிப் பேசத் தமிழுக்கு உரிமையில்லை என எவரும் சொல்ல முடியாது. ரயருக்கு மட்டும் நம் முன்னோரிடம் சொல் இல்லை. இறப்பர் மரம் இந்நாட்டுக்கு வந்ததே 1876 ஆம் ஆண்டில், கம்பகாவைச் சேர்ந்த எனரத்கொடைத் தோட்டத்தில்.

வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அடக்கிவைத்த ஆசை இப்பொழுது அவிழ்ந்திருக்கின்றது. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் தம் தம்பியர்க்கும் மருகர்க்கும் அனுப்பும் பணம் காராக உருமாறுங் காலம் இது. எனவே பொருளுக்கு வருவோம்.

புளியந்தீவிலிருந்து புறப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோட்டைமுனைப் பாலத்தைக் கடந்து செங்கலடி சென்று, அங்கிருந்து மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை வழியாக ஏ-5 நெடுஞ்சாலையிலே சென்றால் அவர் நுவரெலியாவை அடைவார். வாவி மட்டத்தில் தொடங்கிய ஓட்டம் 1,868 மீற்றர் உயரத்தில் முடிகின்றது. கடற்கரை மணல், மாரிவெள்ளம், பிபிலைப் பக்கத்து வெயில், பதுளைக்கு மேலுள்ள வளைவுகள், மூடுபனி ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் அக்கார் சந்திக்கும். அங்கே நுவரெலியாவிலேதான் 1934 ஆம் ஆண்டு தொடக்கம் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் நடத்தப்பட்டு வந்திருக்கின்றது. மலையேற்றத்தில் கார்கள் ஒன்றோடொன்று மோதிப் பாய்வதில்லை. ஒவ்வொன்றாக மணிக்கூட்டை எதிர்த்து ஏறுகின்றன.

இப்பந்தயத்தின் இயல்பு ரயரின் இயல்பை நன்கு விளக்கும். ஏற்றம் குறுகியது, குளிர்ந்த ரயரோடு புறப்பட்டு, அது சூடேறு முன்னரே உச்சியை அடைந்து விடலாம். ஆதலின் முதல் வளைவிலேயே பற்றிக்கொள்ளும் மென்மையான இறப்பர்க் கலவை வேண்டும். சென்னைக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் 1990 இல் திறக்கப்பெற்ற பந்தயத் திடலிலோ கார் சுற்றிச் சுற்றி ஓடுகின்றது. வெப்பம் ஏறிக்கொண்டே போகும். மலையேற்றத்தில் வெற்றி தந்த அதே மென்கலவை அங்கே சில சுற்றுகளில் வழுக்கத் தொடங்கிவிடும். மென்மை பிடிப்பைத் தரும், ஆயுளைக் குறைக்கும். வன்மை ஆயுளைத் தரும், பிடிப்பைக் குறைக்கும். எது நல்ல ரயர் என்று கேட்பவர்க்கு, எந்தத் தெருவுக்கு என்று திருப்பிக் கேட்பதே நேர்மையான விடை.

தெருவுக்கு ஒவ்வாத ரயர் எவ்வளவு வல்லவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. தமிழராகிய நமக்கு அதில் ஒரு தொடர்பும் உண்டு. 2005 யூன் 19 ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானாபொலிசில் போர்மியூலா-1 பந்தயம் நடைபெற்றது. அத்திடலின் பதின்மூன்றாம் வளைவு சரிவாக உயர்த்திக் கட்டப்பெற்றது. அதில் விரைந்து திரும்புங் கார் பக்கவாட்டில் மட்டுமன்றிக் கீழ்நோக்கியும் ரயரை அழுத்தும். இரண்டு நாள் முன்னதாக நடந்த பயிற்சியில் ரால்ப் சூமாக்கரின் டொயோட்டா, பின்ரயர் பழுதாகி அவ்வளைவின் சுவரில் மோதியது. மிச்செலின் நிறுவனத்தார் தம் ரயர்கள் அவ்வளைவில் அப்பாரத்தைத் தாங்கா எனக் கண்டனர். முழுப் பந்தயத்துக்கும் அவை பாதுகாப்பானவை எனத் தம்மால் உறுதிகூற இயலாது என வெளிப்படையாகவே அறிவித்தனர். தகுதிகாண் ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் ஒரே தொகுதி ரயரைத்தான் பயன்படுத்தலாம் என்பது அவ்வாண்டின் விதி. வளைவுக்கு முன் வேகத்தடை அமைக்கலாம் என்ற வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை. முடிவில், மிச்செலின் பூட்டிய 14 கார்கள் ஒத்திகைச் சுற்றோடு ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய 6 கார்கள் மட்டுமே ஓடின. அவற்றுள் ஒன்றான யோர்டான் காரைச் செலுத்தியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். போர்மியூலா-1 இல் ஓடிய முதல் இந்தியர். அன்று அவர் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். உலகின் தலைசிறந்த எஞ்சின்கள் பல அன்று கொட்டகையிற் கிடந்தன. ரயரின் வலுவின்மையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பந்தயத்தைக் கைவிட்ட அந்நிறுவனத்தாரை நாம் குறைகூறோம்; நுழைவுச்சீட்டுப் பணத்தையும் அவர்கள் பார்வையாளர்க்குத் திருப்பிக் கொடுக்க முன்வந்தனர்.

நம்மவர் கடைக்குச் சென்றால் ரயரின் பக்கச்சுவரிற் பொறித்திருப்பதைப் படிக்கக் கற்றிருத்தல் வேண்டும். 205/55 ஆர் 16 91 வீ என்றிருப்பின், அகலம் 205 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் 55 வீதம், அஃதாவது ஏறத்தாழ 113 மில்லிமீற்றர். உள்ளே பொருந்தும் றிம் 16 அங்குலம். 91 என்பது ஒரு ரயர் 615 கிலோகிராம் தாங்கும் எனவும், வீ என்பது மணிக்கு 240 கிலோமீற்றர் வரை பொறுக்கும் எனவும் குறிக்கும். இதனைக் கழற்றி 225/40 ஆர் 18 பூட்டுவது இளைஞர் பெரிதும் விரும்பும் மாற்றம். சில்லின் மொத்த உயரம் ஏறக்குறைய மாறாது. ஆனால் பக்கச்சுவர் 113 இலிருந்து 90 மில்லிமீற்றராகக் குறுகிவிடும். குறுகிய சுவர் நெளியாது. சுக்கானைத் திருப்பியதும் கார் உடனே பணியும். மறுபுறம், குழியில் விழும்போது அடியைத் தாங்கிக்கொள்ளக் காற்று மெத்தை குறைவு. அடி நேரே றிம்மில் இறங்கும். திடலிலே இது நயம். மகாஓயாப் பாதையில் செலவு. அகன்ற ரயர் உலர்ந்த தாரில் நன்கு பற்றும் என்பதும் மெய்யே. ஆயின் கார்த்திகை மார்கழியில் தெருவில் நிற்கும் நீரை அது பிளந்து வெளியேற்ற வேண்டும். அகலம் மிகுந்தால் வெளியேற்ற வேண்டிய நீரும் மிகும். பள்ளங்கள் தேய்ந்திருப்பின் ரயர் நீரின்மேல் ஏறி மிதக்கும். மிதக்கும் காருக்குச் சுக்கானும் பிறேக்கும் இல்லாதவை போன்றனவே. புதிய ரயரில் 8 மில்லிமீற்றர் அளவிருக்கும் பள்ளம் 1.6 மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் கழற்றவேண்டுமெனப் பல நாடுகளின் சட்டம் கூறும். நம் மாரிக்கு 3 மில்லிமீற்றரிலேயே கழற்றுதல் நன்று.

வளைவில் நிகழ்வதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 50 மீற்றர் ஆரையுள்ள வளைவை மணிக்கு 60 கிலோமீற்றரில் எடுக்குங் காருக்குத் தன் எடையில் ஏறக்குறைய 57 வீதமான பக்கவிசை வேண்டும். வேகத்தை 72 ஆக்கினால் அது 82 வீதமாகிவிடும். வேகம் ஐந்தில் ஒரு பங்கே கூடியது. விசையோ 44 வீதம் கூடிற்று. சாதாரணத் தெருரயர் உலர்ந்த தாரில் தரக்கூடிய பிடிப்பின் எல்லைக்கு அது வந்துவிட்டது. மழை பெய்திருந்தால் எல்லை முன்னரே கடந்து போயிருக்கும். வேலியிட்ட திடலிலேயே எல்லை மீறியதன் விலையை நாம் அண்மையிற் கண்டோம். 2024 ஏப்ரல் 21 ஆம் நாள் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் காரொன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்ததில் எழுவர் மாண்டனர். ஊர்த்தெருவுக்கு வேலியுமில்லை.

இனி வில். கார் கட்டமைப்பைச் சில்லின்மேல் தாங்கும் சுருள்வில், அதன் ஆட்டத்தை அடக்கும் சொக் அப்சோபர், இருபக்கச் சில்லுகளையும் பிணைத்து உடல் சாய்வதைக் குறைக்கும் குறுக்குத்தண்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே இவ்வமைப்பு. வில்லை இறுக்கினால் கார் நன்றாகத் திரும்பும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதி உண்மை. வளைவிலே உட்பக்கச் சில்லிலிருந்து வெளிப்பக்கச் சில்லுக்குப் பாரம் இடம்பெயர்கின்றது. அவ்வாறு பெயரும் மொத்தப் பாரத்தைத் தீர்மானிப்பவை காரின் எடையும், புவியீர்ப்பு மையத்தின் உயரமும், சில்லுகளின் இடையகலமுமே, வில் அன்று. அப்பாரத்தில் எத்துணை முன்னச்சில், எத்துணை பின்னச்சில் என்று பங்கிடுவதே வில்லின் தொழில். ரயரின்மேல் பாரம் இரட்டித்தாலும் பிடிப்பு இரட்டிப்பதில்லை. ஆகையால் எந்த அச்சு மிகுதியாக இறுக்கப்படுகின்றதோ அந்த அச்சே முதலிற் பிடியிழக்கும். முன்னச்சு பிடியிழந்தால் கார் சுக்கானுக்குப் பணியாது நேரே செல்லும். பின்னச்சு பிடியிழந்தால் வால் சுழன்று வரும். கணக்கின்றி நாற்புறமும் இறுக்குபவர் எதனை வாங்குகிறார் என்பதை அவரே அறியார்.

மேலும், தெரு கரடுமுரடானதாயின் இறுகிய வில் சில்லைத் துள்ளச் செய்யும். காற்றில் நிற்குஞ் சில்லுக்குப் பிடிப்பு ஏது? செங்கலடியிலிருந்து பதுளை வரை செல்பவர்க்கு, மிதமான வில்லும் நல்ல சொக் அப்சோபரும் உள்ள காரே உண்மையில் விரைவுள்ள கார். காரின் ஒரு மூலையை அமுக்கி விட்டால் அது ஒருமுறை எழுந்து அமைய வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடினால் சொக் அப்சோபர் தேய்ந்தது என்பது கராச்காரர் பழைய சோதனை. சுருள்வில்லை வெட்டிக் காரைத் தாழ்த்தும் வழக்கத்தை மட்டும் நாம் எவ்வாற்றானும் ஏற்கோம். வெட்டிய வில் குறுகுவதோடு இறுகியும் விடும். சொக் அப்சோபரோ பழைய வில்லுக்கென அளவிட்டுச் செய்யப்பட்டது. இரண்டும் ஒவ்வா. சில்லு கீழே தொங்கும்போது வில் தன் இருக்கையிலிருந்து நழுவவுங் கூடும்.

யப்பானியக் கார்களில் 'கிறேட்' என வழங்கும் தரவகையைத் தெரிவதிலும் இதே நோக்கு வேண்டும். 1992 இல் மிற்சுபிசி நிறுவனத்தார் ராலிப் பந்தயத்துக்கென லான்சர் எவலூசன் காரை வெளியிட்டபோது, ஜீஎஸ்ஆர், ஆர்எஸ் என இரு வகைகளைத் தந்தனர். ஜீஎஸ்ஆரில் மின்சாரக் கண்ணாடி முதலிய வசதிகள் இருந்தன. ஆர்எஸ்ஸில் அவற்றை நீக்கி இரும்பு றிம் பூட்டியிருந்தனர். ஏறத்தாழ 70 கிலோகிராம் குறைவு. பந்தயக்காரர் நாடியது அவ்வெறுமையையே. எஞ்சின் இரண்டிலும் ஒன்று. 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ரொமி மாக்கினென் உலகப் பட்டத்தை வென்றது இக்குடும்பத்துக் கார்களிலேதான். புளியந்தீவு வெயிலில் குளிரூட்டி இல்லாத கார் வாங்குக என நாம் சொல்ல வரவில்லை. கூரைக் கண்ணாடி எடையை உச்சியில் ஏற்றும் என்பதையும், பெருஞ்சில்லு வில்லுக்குக் கீழே எடையைக் கூட்டும் என்பதையும் அறிந்து வாங்குக என்கிறோம். பின்னால் உயர்ந்து நிற்கும் காற்றுச்சிறகு தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 200 இல் கிடைப்பதன் பதினாறில் ஒரு பங்கே 50 இற் கிடைக்கும். கல்லடிப் பாலத்தின்மேல் அது வெறும் உயர்வு நவிற்சியணி. அதே பணத்துக்கு நல்ல பிறேக் பட்டைகளும் இரண்டு ரயர்களும் வரும்.

பழைய கார் வாங்குவோர் இன்னொன்றுங் கவனித்தல் வேண்டும். இறப்பர் ஓடாது நின்றாலும் வெயிலாலும் காற்றாலும் இறுகும். பள்ளம் ஆழமாயிருத்தல் மட்டும் போதாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துள் இருக்கும். 3522 எனின், 2022 ஆம் ஆண்டின் 35 ஆம் கிழமையிற் செய்தது. ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இது முழுமையாகப் பொறிக்கப்படுவதால், வெளியே காணாவிடின் காரின் அடியிற் குனிந்து உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேலதிகச் சில்லையும் மறவாது இறக்கிப் பார்க்க. பெரும்பாலும் அதுவே எல்லாவற்றிலும் முதியது.